திருத்தாத பிழை

சிரிஞ்சில் இருந்தது உலோகம்.
கேலியம் மூன்று பங்கு, இண்டியம் ஒரு பங்கு.
சிலிக்கோனுக்குள் முடியளவு ஓடை வெட்டி
மெல்ல அழுத்தினால்
இழுத்த இழுப்புக்கு வரும்.
காற்றுப் பட்ட இடத்தில் மட்டும்
பாலின்மேல் ஆடைபோல ஒரு தோல்.
அந்தத் தோல்தான் சிந்தாமல் பிடித்துவைக்கும் என்றாள் ரவுனி.
சிந்தியது.
ஒரு சொட்டு, என் அலுமினிய ஃபிளாஸ்க் மூடிமேல்.
மறுநாள் காபி ஊற்றப் போனேன்,
மூடி காய்ந்த ரொட்டியாய் உதிர்ந்தது.

ஏழு சென்டிமீட்டர் ஆண்டெனா.
இரண்டு விரலால் இழு:
திரையில் தெரியும் பள்ளம் இடப்பக்கம் நகரும்.
விடு: திரும்பி வரும்.
நீளம் கூடினால் அலைவரிசை இறங்கும், அவ்வளவுதான் பாடம்.
திருகாணி இல்லை, சுவிட்ச் இல்லை,
இழுப்பதே திருகுவது.

அதை ஓஸ்மோவின் பனியனில் தைத்தேன்.
ஓஸ்மோ கடல்மேல் நடந்து சம்பாதிப்பவர்.
ஔலுவுக்கு மேற்கே, ஹைலுவோட்டோ தீவுக்கு,
குளிர்காலத்தில் கடலே சாலை.
உறைந்த நீரைத் துளைத்து, கோலை இறக்கி,
இன்று லாரி போகலாமா, கார் மட்டுமா என்று
தனியாக நின்று எழுதுகிறவர்.
இரண்டு கையும் துளைக்கருவிக்கே போதவில்லை.
அதனால் சட்டையே ரேடியோ.

ஆய்வகத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம்.
பள்ளம் ஓரிடத்தில் நிற்கவில்லை.
இடம், வலம். இடம், வலம்.
உடம்பு ஒரு நீர்த்தொட்டி, அலையைக் குடிக்கும்,
அதற்குக் கணக்கு வைத்திருந்தோம்.
இது வேறு.
"மூச்சு விடாதீங்க" என்றாள் ரவுனி.
நின்றது.
முப்பது எண்ணுவதற்குள் ஓஸ்மோ முகம் சிவந்தார்,
பள்ளம் மறுபடி ஆடியது.
குறிப்பேட்டில் அவள் எழுதினாள்:
பிழை, நான்கு மெகாஹெர்ட்ஸ். காரணம், நெஞ்சு.

மூன்று வாரம் அந்தப் பிழையைத் துரத்தினோம்.
விலாவிலிருந்து தோளுக்கு மாற்றினேன்.
நேர்கோட்டைப் பாம்பாக வளைத்தேன்.
மின்னழுத்தத்துக்கு அசையும் டையோடு ஒன்றை அடியில் வைத்து
இழுப்பை ஈடுகட்டப் பார்த்தோம்.
ஊசித் துளைகளால் பனியன் சல்லடையானது.

பிப்ரவரி. மைனஸ் இருபத்துமூன்று.
உள்ளே போட்டால் அரிக்கிறதாம்,
கோட்டுக்கு மேல் மாட்டிக்கொண்டு நடந்தார் ஓஸ்மோ.
கரையில் வேனுக்குள் நானும் ரவுனியும்.
வந்துசேரும் அலையின் பலம் ஒரு கோடாக,
ஆடியது.
ஒரு கிலோமீட்டர் தாண்டி ஆட்டம் சுருங்கியது.
பிறகு ஆணியடித்தாற்போல்
நேர்கோடு.
ரவுனி கைதட்டினாள். "பார், பிழையே இல்லை."

பார்த்தேன்.
பதினைந்து டிகிரிக்குக் கீழே எங்கள் உலோகம் திரவமல்ல.
எனக்குத் தெரியும், ஊற்றியவள் நான்.
உறைந்த கம்பி நெஞ்சோடு நீளாது, வேறொன்றுமில்லை.
தெரிந்தும்,
மூச்சுக்கு முந்நூறு தடவை நான் திட்டிய அந்த ஆட்டம்
இல்லாத கோட்டை
பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

போன் அடித்தேன்.
நாலாவது மணியில், கையுறையைக் கழற்றி எடுத்தார்.
"துளை போட்டுக்கிட்டிருக்கேன், என்ன?"
"பனியனை உள்ளே போடுங்க."
"இங்கேயா?"
"இங்கேதான்."
பேயின் பெயரைச் சொல்லித் திட்டிவிட்டு வைத்தார்.

நாற்பது நிமிடம்.
ரவுனி வேனின் ஹீட்டரைக் கூட்டினாள்,
அந்தச் சூடு அவரைச் சேரும் என்பதுபோல.
கோட்டில் முதலில் ஒரு நடுக்கம்.
பிறகு ஏறியது.
இறங்கியது.
பென்சிலால் ஸ்டியரிங்கைத் தட்டி எண்ணினாள் ரவுனி.
நிமிடத்துக்கு இருபத்தாறு.
"கனமா எதையோ தூக்குறார்."
இருபது. பதினாறு.
"உட்கார்ந்துட்டார்."

அறிக்கையில் பிழைக்கான கட்டம் காலியாகவே போனது.
"பணம் கொடுக்கிறவங்ககிட்ட இதைப் பத்தி மூச்சு விடாதே" என்றாள்,
சொன்ன பிறகு அவளுக்கே சிரிப்பு.

இருட்டியதும் ஓஸ்மோ வந்தார், மீசையில் உறைபனி.
பனியனைக் கழற்றி என் மடியில் போட்டார்.
இளஞ்சூடாக இருந்தது.
"இன்னும் அரிக்குது" என்றார்.
அதை எழுதிக்கொண்டேன்.