கைகுலுக்கல்

நவம்பரில் பார்னு கடற்கரைக்கு
ஆட்கள் வருவதில்லை.
மழை வரும். மாநாடுகள் வரும்.
பேச்சு தொடங்க மூன்று நிமிடம் இருக்கும்போது
ஓட்டலில் எல்லோரும் தேடும் ஆள் நான்.

என் மேசையின் மூன்றாவது இழுப்பறையில்
வி.ஜி.ஏ. கம்பிகள் பதினொன்று,
ஊசி வளைந்தவை நான்கு.
டி.வி.ஐ. இரண்டு வகை:
ஒன்றுக்கு நாலு கால் அதிகம்,
அந்த நாலு காலுக்கும்
எதிர்ப்பக்கம் துளையே கிடையாது.
எச்.டி.எம்.ஐ. பெரிது, சிறிது, அதற்கும் சிறிது.
பிறகு, டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்.டி.எம்.ஐ.க்குப் போகும்,
செத்தாலும் திரும்பி வராத அந்த அடாப்டர்.
ஒருவழிப் பாதை என்று
அதன் முதுகில் ஒரு வரி எழுதியிருந்தால்
என் ஆயுளில் ஒரு வாரம் மிஞ்சியிருக்கும்.

கடைசியாக சி வந்தது.
இனி எல்லாவற்றுக்கும் இது ஒன்றே என்றார்கள்.
ஒரே முகம், ஒரே வாய்.
ஒன்று படம் காட்டும்.
ஒன்று மின்சாரம் மட்டும் குடிக்கும்.
ஒன்று இரண்டும் செய்யும், செவ்வாய்க்கிழமைகளில்.
எது எதுவென்று
செய்தவனுக்கே செருகிப் பார்த்தால்தான் தெரியும்.

அன்று காது கேளாதோர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம்.
எண்பது நாற்காலி, எண்பது பேர்.
பேச வந்தவர் ஹெல்வே.
அவருடைய மடிக்கணினி அப்பளம்போல் மெலிந்தது,
விளிம்பில் ஒரே ஒரு துளை.
எங்கள் புரொஜெக்டரோ
வி.ஜி.ஏ. தவிர வேறு கடவுளை அறியாதது.

சி-யிலிருந்து எச்.டி.எம்.ஐ.,
அதிலிருந்து வி.ஜி.ஏ.,
ரயில் பெட்டிகள்போல் கோத்துத் தொங்கவிட்டேன்.
தன் பாரத்தில் தானே கழன்று விழுந்தது.
மறுபடி.
மேசைக்கடியில் மண்டியிட்டு, பல்லில் டார்ச்சைக் கவ்வி,
மறுபடி.

முதலில் இரு கருவிகளும் கைகுலுக்க வேண்டும்.
கையேட்டிலும் அதே சொல்தான்.
நீ யார், உன் அகலம் என்ன,
உன்னை நம்பிப் படத்தைத் தரலாமா.
ஒன்று கை நீட்டியது.
பேச்சு வார்த்தை இல்லாத பங்காளி
கல்யாணப் பந்தியில் எதிர்ப்பட்டதுபோல்
மற்றது சுவரைப் பார்த்தது.
'சிக்னல் இல்லை' என்ற எழுத்து
நீலத் திரையில் மூலைக்கு மூலை மிதந்தது.

மேலே ஒரு குரலும் இல்லை.
வேறு கூட்டமென்றால்
இந்நேரம் இருமியிருப்பார்கள்,
என் முதலாளியின் பெயரைக் கேட்டிருப்பார்கள்.
இந்த அமைதி கோபம்தான் என்று நினைத்தேன்.
சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

அப்போது மரத்தரை அதிர்ந்தது.
எண்பது பேரின் கால்கள் தட்டின.
சிரிப்பு, தொண்டையிலிருந்து, நெஞ்சிலிருந்து,
அடக்கம் தெரியாத பெருஞ்சிரிப்பு.

தலையை வெளியே நீட்டினேன்.

ஹெல்வே எப்போதோ பேசத் தொடங்கிவிட்டார்.
திரையை யாருமே பார்க்கவில்லை.
அவரது இடக்கை ஒரு துளை.
வலக்கையின் விரல் அதை நோக்கி வந்தது,
நுழையவில்லை.
புரட்டினார். நுழையவில்லை.
ஒற்றைக் கண்ணால் துளைக்குள் எட்டிப் பார்த்தார்.
ஊதினார்.
மறுபடி புரட்டினார், முதலில் வைத்த பக்கமே,
இப்போது நுழைந்தது.
முகத்தில் ஒரு பெருமிதம், ஒரு கணம்.
பிறகு திரையைப் பார்த்தார்.
பிறகு முழங்காலிட்டார்.

அவர்கள் மொழியில் எனக்கு ஒரு சொல்லும் தெரியாது.
ஒரு சொல்லும் தப்பவில்லை.

யாரோ என்னைக் காட்ட,
நூற்றறுபது கைகள் எழுந்து காற்றில் படபடத்தன.
வெளியே போ என்கிறார்கள் என்று நினைத்து
வெளியே போனேன்.
அது கைதட்டல் என்று
வரவேற்பறை டீயூ சொன்னாள், மாலையில்.

காபி இடைவேளையில், ஆளில்லாத மண்டபத்தில்,
யாரும் தொடாமலே
படம் வந்தது.
முதல் பக்கம்: 'அனைவருக்கும் வணக்கம்'.
காலி நாற்காலிகளுக்கு அதைச் சற்றுநேரம் ஓடவிட்டேன்.

நாளை பல் மருத்துவர்கள்.
இரண்டு மணிநேரம் முன்பே வரச் சொல்லியிருக்கிறேன்.
இழுப்பறை மூடமாட்டேன் என்கிறது.