சுட்டவர்

எங்கள் வீட்டில் அது ஒரே வாக்கியம்:
"சவரிராயலு தாத்தா பிரான்சுல சுட்டாரு."
யாரை, எத்தனை பேரை, எந்த மேட்டில் படுத்துக்கொண்டு
என்று ஒருவரும் கேட்டதில்லை.
கல்யாணப் பேச்சில் பெண் வீட்டாரிடம் சொல்வார்கள்,
வாய்க்கால் தகராறில் பங்காளியிடம் சொல்வார்கள்.
அத்தோடு சரி.

எக்ஸ் நகரத்து ஆவணக் காப்பகத்தில்
பையைப் பூட்டிவைக்க ஒரு யூரோ நாணயம் வேண்டும்.
பேனா கூடாது, பென்சில்தான்.
மர்சேய் மெட்ரோவில் டிக்கெட் பரிசோதிப்பவள் நான்.
அடுத்தவரிடம் காகிதம் கேட்பது என் பிழைப்பு.
இன்று என்னிடம் கேட்டார்கள்.
காட்டினேன்.
பெட்டி வந்தது.

ஒரே தாள், இரண்டு பக்கம்.
பெயர்: ஸவெரி, ராலூ.
எழுதிய குமாஸ்தா மூச்சு வாங்கிய இடத்தில்
ஆள் இரண்டாக நறுக்கப்பட்டிருக்கிறார்.
அன்று கீழே விழுந்த அந்த வால்துண்டைத்தான்
அடையாள அட்டையில், வாடகைப் பத்திரத்தில்,
போன வருடத்து விவாகரத்துத் தீர்ப்பில்கூட
குடும்பப் பெயரென்று சுமந்துகொண்டிருக்கிறேன்.

உயரம்: ஒரு மீட்டர் ஐம்பத்தெட்டு.
நெற்றி: சாதாரணம்.
மூக்கு: சாதாரணம்.
படிப்பு: கையெழுத்து மட்டும்.
நீச்சல்: தெரியும்.
சைக்கிள்: தெரியாது.
பணி:
(இங்கே என் பென்சில் நின்றுவிட்டது)
ராணுவ ரொட்டிக் கூடம், மர்சேய் துறைமுகம்.

சுட்டார்.
குடும்பம் பொய் சொல்லவில்லை.
ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து
மூன்று வருடம் பதினோரு நாள் சுட்டார்.
மூட்டை மூட்டையாக வடக்கே போகிற ரயிலில் ஏற்றினார்கள்.
எவன் வாய்க்குப் போய்ச் சேர்ந்ததோ,
எவன் தோள்பையில் பூசணம் பூத்துக் கிடந்ததோ.

தண்டனைகள் என்ற கட்டத்தில் ஒரு பதிவு.
பதினேழாம் வருடம் பிப்ரவரி, நாலு நாள் சிறை.
காவல்கூண்டின் கதவைக் கழற்றி
அடுப்பில் செருகியதற்காக.
விசாரணையில் அவர் சொன்ன பதிலையும் எழுதியிருக்கிறார்கள்,
முழு நீளப் பிரெஞ்சில், இலக்கணம் பிசகாமல்,
அவர் அப்படிப் பேசியிருக்கவே மாட்டார்:
"குளிரில் மாவு எழும்பவில்லை."

விருதுகள்: ஒரு கோடு.

அந்தக் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஏனென்றால் முத்தியால்பேட்டையில்,
வேளாங்கண்ணி மாதாவுக்குப் பக்கத்தில்,
கண்ணாடி அலமாரியில்
ஒரு மெடல் இருக்கிறது.

வாசலுக்கு வந்து லூர்தம்மா அத்தையைக் கூப்பிட்டேன்.
அங்கே இரவு எட்டு, குக்கர் விசில்.
"அத்தை, அந்த மெடலைத் திருப்பிப் போட்டோ எடு."
வந்தது. பாதி அவள் கட்டைவிரல்.
மீதியில், இத்தனை காலமும் நாங்கள்
கீறல் என்று துடைத்துவைத்தது
ஆணியால் எழுதிய எழுத்து:
ழெ. கெர்வெலா.

"யாருடி இவன்?"
தெரியாது அத்தை.
சீட்டில் தோற்றவனாக இருக்கலாம்.
ரெண்டு ரொட்டிக்கு விற்றவனாக இருக்கலாம்.
கப்பலேறும்போது, இனி எனக்கெதற்கு என்று
கழற்றிக் கொடுத்தவனாக இருக்கலாம்.
இல்லாவிட்டால், நம்ம ஊர்ப் பையன்கள் சொல்கிற அர்த்தத்தில்
தாத்தா அதையும் சுட்டு...
"வாயைக் கழுவு!"

கொஞ்ச நேரம் குக்கர் மட்டும் பேசியது.
பிறகு அவளே கேட்டாள்:
"கல்லறைத் திருநாள் பூசைக்குப் பேர் குடுக்கணும்.
தாத்தா பேரோட இவனையும் சேக்கவா?
செத்திருப்பான்ல?"
நூறு வருஷம் ஆச்சு அத்தை.
"ஒரு பேருக்கு இருநூறு ரூபா."
அனுப்பறேன்.

எழுதுகோல் தேடுகிற சத்தம்.
காலண்டர் தாள் கிழிகிற சத்தம்.
"சொல்லு, மெதுவா."
கெர்வெலா.
"கெர்…"
கெர்வெலா, அத்தை. ஒரே பேர்.
"நீட்டமா இருக்கு. ஃபாதருக்கு வாயில வராது.
வேலுன்னு போட்டுடறேன்."