ஒன்று என்பது குடும்பமல்ல

திரையில் ஒரு கட்டம்.
முப்பது மீட்டருக்கு முப்பது மீட்டர்.
அதற்குள் என்னென்ன இருக்கிறதோ
எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து
செயற்கைக்கோள் ஒரே நிறம் சொல்லும்.

மொரமங்கா அலுவலகத்தில் உட்கார்ந்து
பச்சை என்று நான் ஒப்புக்கொண்ட கட்டத்தில்தான்
இப்போது நிற்கிறேன்.
யூகலிப்டஸ்.
அடுப்புக்கரிக்கு நட்டது.
உயரம் ஐந்து மீட்டரைத் தாண்டிவிட்டது,
ஆகவே கணக்குப்படி காடு.
பென்சிலால் ‘பிழை’ என்று எழுதினேன்.
தாள் நனைந்திருந்ததால் கிழிந்தது.

பெஹாஜா ஜிபிஎஸ் பையைச் சுமந்து வருகிறான்.
வரைபடத்தை முதலில் தலைகீழாகப் பிடித்தான்.
பிறகு திருப்பி,
ஓடை வளைகிற இடத்தில் விரல் வைத்தான்:
“இந்தச் சிவப்பு என்னுடையது.”

பன்னிரண்டு கட்டங்கள்.
அந்த வருடம் கடனுக்கு வாங்கிய அரிசி
அறுப்புக்கு இரண்டு மாதம் முன்பே தீர்ந்திருந்தது.
எரித்த சாம்பலில் மலைநெல் மூன்று தடவை விளைந்தது,
அப்புறம் பெரணி.
சொல்லும்போது அவன் தலைகுனியவில்லை.
ஹெக்டேரில் எவ்வளவு என்று கேட்டான்.
ஒன்று புள்ளி பூஜ்யம் எட்டு.
“அவ்வளவுதானா?”
வெட்டும்போது முடிவே இல்லாததுபோல் இருந்ததாம்.

விடியற்காலை ஐந்தரை. கேட்கும் நேரம்.
இந்த்ரிகள் குடும்பமாகத்தான் பாடும்.
பெரியவை இரண்டும் இழுத்துக்கொண்டு போக
குட்டி தப்பும் தவறுமாக நடுவில் நுழையும்.
பள்ளத்தாக்குக்கு அப்பாலிருந்து
வேறொரு குடும்பம் பதில் கொடுக்கும்.
படிவத்தில் இதற்கெல்லாம் மூன்றே பத்தி:
திசை. தூரம். குடும்பங்களின் எண்ணிக்கை.

ஆறு பத்துக்கு ஒன்று பாடியது.
கிழக்கே, அறுநூறு மீட்டர் இருக்கும்.
நிறுத்தியது.
பதிலுக்கு அவை விடும் இடைவெளி எனக்குப் பழக்கம்,
பதினோரு வருடமாகக் கேட்கிறேன்.
இது அதைவிட நீளமாக விட்டது.
மறுபடி பாடியது,
முதலிலிருந்து.

அங்கே பச்சை நாற்பது கட்டம்தான் மிச்சம்.
சுற்றிலும் இடுப்பளவு பெரணி.
மரத்துக்கு மரம் பத்து மீட்டர் தாவுகிற கால்களுக்கு
அடுத்த மரம் இருநூறு மீட்டரில் நிற்கிறது.

எண்ணிக்கைப் பத்தியில் பென்சில் நின்றுவிட்டது.
ஒன்று என்பது குடும்பமல்ல.
பூஜ்யம் போட்டால்
நான் எதையும் கேட்கவில்லை என்றாகிவிடும்.

பெஹாஜா காதுக்குப் பின்னால் கை குவித்து
ஓடைப் பக்கமே திரும்பியிருந்தான்,
தன் பன்னிரண்டு கட்டங்களின் பக்கம்.
“இப்போதே எழுதாதீர்கள்,
ஒன்பது மணி வரை நேரமிருக்கிறதே” என்றான்.

பென்சிலைப் பையில் போட்டேன்.
ஆறு நாற்பது.