மூன்றாம் பந்தி

ஐரோப்பாவில் மார்ச்சில் இறங்கியது.
துபாயில் ஜூன்.
ரியாத், தோஹா, குவைத் என்று
பெரிய இலைகளுக்கெல்லாம் பரிமாறி முடித்து
எங்களுக்கு வர அக்டோபர் ஆகுமாம்.
பஹ்ரைன் எப்போதும் மூன்றாம் பந்தி.
பாயசம் மிஞ்சினால் சரி.

ஐந்நூற்றுப் பத்து குதிரைத்திறன்.
நான்கு கதவு; குடும்பத்தோடு போகலாம்,
குடும்பம் அலறாமல் இருந்தால்.
நின்ற இடத்திலிருந்து நூறைத் தொட
மூன்று புள்ளி ஒன்பது நொடி.
அதாவது
ஈசா டவுன் சிக்னலில் பச்சை விழுந்து
முன்னால் நிற்பவன்
கைபேசியிலிருந்து தலை தூக்கும் நேரம்.

இத்தனை குதிரைகளை
இந்தத் தீவில் எங்கே மேய்ப்பார்கள்?
முந்நூறில் விட்டால்
பத்து நிமிடத்தில் நாடு தீர்ந்துவிடும்.
வடக்கே கோட்டையருகே மிதித்தால்
தெற்கே கடலுக்குள்தான் பிரேக்.

நான் ஓட்டுவது பள்ளிப் பேருந்து, பதினேழாம் நம்பர்.
ஹித், ஜுஃபைர், சித்ரா வழி ஈசா டவுன்.
எண்பதைத் தாண்டாதபடி
எஞ்சினுக்குள் பூட்டு வைத்திருக்கிறார்கள்.

சித்ரா சாலையில் அந்த ஷோரூம்.
கண்ணாடிக்குப் பின்னால் சாம்பல் நிறப் பட்டுத்துணி,
அதன்மேல் ஒரே ஒரு விளக்கு,
பலகையில்: இன்னும் 12 நாள்.
தினமும் காலை ஆறு ஐம்பதுக்கு
நாற்பத்திரண்டு பிள்ளைகளும் வலப்பக்கம் ஓட
வண்டியே ஒரு பக்கம் சாயும்.
ஷைலஜா சேச்சி மலையாளத்தில் கத்துவார்.
ஜோவிட்டாவுக்குச் சிவப்பு வேண்டும்.
ஏழாம் வகுப்பு தன்வந்த்
நீலம் தவிர வேறெதுவும் வண்ணமே இல்லை என்பான்.
யூகேஜி ஈவா கேட்டாள்:
"அதுக்குள்ள யாரு தூங்குறாங்க?"

வாங்க அல்ல.
கணக்குப் போட்டுப் பார்த்தேன்தான்:
சாப்பிடாமல், ஊருக்கு அனுப்பாமல்
பதினாலு வருஷச் சம்பளம்.
அதற்குள் அது பழைய மாடல்.
எனக்கு வேண்டியது ஒரு சத்தம்.
விடியலில் முதல்முறை சாவி போட்டதும்
அது ஒருமுறை உறுமி அடங்குமாமே,
அது.
மேல்கட்டிலில் படுத்துக் கைபேசியில் கேட்டேன்,
தகர டப்பாவில் கல் உருட்டியது போலிருந்தது.
கீழ்க்கட்டில்காரன் செருப்பை எறிந்தான்.
நெஞ்சுக்கூட்டில் விழ வேண்டும், ஒருமுறை.

இதாயத்துல்லா எங்கள் அறைக்காரன்,
இரவில் அந்தக் கண்ணாடிகளைத் துடைப்பவன்.
குப்பூஸைப் பிய்த்துக்கொண்டே சொன்னான்:
"மச்சான், துணிக்கடியில இருக்கிறது
போன வருஷ வண்டி.
உருவம் தெரியணுமேன்னு நிறுத்திருக்காங்க.
புதுசு இன்னும் கப்பல்லதான்."

அன்றிரவு பருப்பில் உப்பில்லை.
யாரும் சொல்லவில்லை, நானும்.

மறுநாள் பிள்ளைகள் சாய்ந்தார்கள்.
தன்வந்த் துணியின் மடிப்பைக் காட்டி
"பாரு, பின்பக்கம் அகலம் கூட்டிருக்காங்க" என்றான்.
ஆமாம் என்றேன்.
ஒன்பது நாள் ஆமாம் என்றேன்.

பத்தாம் நாள், ஹித் பாலம் ஏறும்போது
முன்னால் ஒரு டிரெய்லர்.
அதன் முதுகில்
வெள்ளைப் பிளாஸ்டிக் ஒட்டி,
நான்கு சக்கரத்திலும் பட்டை கட்டி
அது.
பின்பக்கம் அகலம்தான். தன்வந்த் சரி.
நிறம் தெரியவில்லை, விளிம்பில்
ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் பச்சை.
யாருமே கேட்காத பச்சை.

பேருந்துக்குள் ஒரு மூச்சுச் சத்தமில்லை.
ஷைலஜா சேச்சியும் எழுந்து நின்றார்.
ஐந்நூற்றுப் பத்து குதிரைகளும்
மணிக்கு அறுபதில்
சும்மா படுத்துப் போய்க்கொண்டிருந்தன.

இடப்பக்கம் ஒடித்தேன். மிதித்தேன்.
எழுபது. எழுபத்தாறு. எண்பதில் பூட்டு.
ஜன்னல் ஜன்னலாக அதைக் கடந்தோம்.
டிரெய்லர்க்கார சர்தார் கையசைத்தார்.
கத்தினார்கள் பாருங்கள்,
நெஞ்சுக்கூட்டில்தான் விழுந்தது.
ஈவா என் இருக்கைக்குப் பின்னால் வந்து
"நாம ஜெயிச்சிட்டோமா?" என்றாள்.

ஷோரூம் வந்தது.
இன்னும் 3 நாள்.
துணி அப்படியே இருந்தது.
ஒருவரும் சாயவில்லை.

நான் மட்டும் கொஞ்சம் வேகம் குறைத்தேன்.