நான் என்று சொல்பவள்

மொங்கு உயர்நீதிமன்றத்தில் எனக்கு மேசை கிடையாது.
சாட்சிக் கூண்டுக்கும் நீதிபதிக்கும் நடுவே
நின்றபடி பேச வேண்டும்.
லோசியில் வருவதை ஆங்கிலத்தில் தர வேண்டும்,
ஆங்கிலத்தில் விழுவதை லோசியில் ஏந்த வேண்டும்.
சாட்சி "நான்" என்றால் நானும் "நான்" என்பேன்.
"அவர் சொல்கிறார்" என்று தொடங்கக் கூடாது.
விதி அது.

இந்தப் பதினேழு ஆண்டுகளில்
நான் மாடு திருடியிருக்கிறேன்,
இரண்டு முறை விவாகரத்துக் கேட்டிருக்கிறேன்,
பாலத்துக்கு வந்த சிமெண்டை விற்றிருக்கிறேன்.
போன மார்ச்சில் ஒன்பது நாள்
லிஸ்வானிசோ அகாபெல்வாவாக இருந்தேன்,
தகுதி நீக்கப்பட்ட வேட்பாளர்.

விஷயம் இவ்வளவுதான்.
நாடாளுமன்றத்துக்கு நிற்க
பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் வேண்டும்.
என்னிடம் இருந்தது.
அதில் இருந்த பெயர் மட்டும் என் அண்ணனுடையது.

"அண்ணன் எங்கே?"
"இறந்துவிட்டான் ஐயா. நாலு வயதில். தட்டம்மை."
"நாலு வயதில் போனவர்
பன்னிரண்டாம் வகுப்புத் தேறினாரா?"
கூடம் சிரித்தது.
சிரிப்பை நான் மொழிபெயர்க்கவில்லை,
இரண்டு மொழியிலும் அது ஒன்றுதான்.

"அண்ணன் ஆஸ்பத்திரியில் பிறந்தான்,
அவனுக்குக் காகிதம் இருந்தது.
நான் வெள்ளத்தில், தோணியில் பிறந்தேன்.
பள்ளிக்கூடம் காகிதம் கேட்டது.
அப்பா இருந்ததைக் கொடுத்தார்.
அப்புறம் யாரும் கேட்கவில்லை.
கணக்கில் நாற்பத்தொன்பது வாங்கியது நான்தான்.
பிரம்படி வாங்கியதும் நான்தான்."

அந்த இடத்தில் எனக்குத் தொண்டை கட்டியது.
தண்ணீர் கேட்டேன்.
கேட்டது யார் என்று
சுருக்கெழுத்தர் குறித்துக்கொள்ளவில்லை.

வாக்குப்பதிவுக்கு நாலு நாள் இருக்கையில் நீக்கினார்கள்.
அதற்குள் சீட்டு அச்சாகிவிட்டது,
அவர் முகம், பக்கத்தில் நீர்யானைச் சின்னம்.
நீக்கிய செய்தியை வானொலி சொன்னது.
சமவெளியில் பாதி வானொலிக்கு பேட்டரி இல்லை,
மீதிப் பாதி வீட்டில் கேட்டார்கள்,
கேட்டும் குத்தினார்கள்.
நாலாயிரத்து இருநூற்றுப் பதினெட்டு.
வென்றதாக அறிவிக்கப்பட்டவருக்கு
ஆயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம்.
அவர் தினமும் முன்வரிசையில்,
புது சூட்டில், கைக்குட்டையால் விசிறிக்கொண்டு.

தீர்ப்பு எண்பத்திரண்டு பக்கம்.
எண்பத்தொரு பக்கம் சிரமமில்லை.
கடைசியில் நீதிபதி சொன்னார்:
சட்டப்படி இல்லாத வேட்பாளருக்கு
விழுந்த வாக்குகள் செல்லாது.

செல்லாது.
அதற்கான சொல் எனக்கு வாயில் வரவில்லை.
காசு செல்லாது என்பதற்கு ஒன்று இருக்கிறது,
அதில் கள்ளத்தனம் ஒட்டியிருக்கும்.
இறந்தது என்றால் அவர் அண்ணன் ஞாபகம் வரும்.
நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறார்.
அவசரத்தில் சொன்னேன்:
"உங்கள் வாக்குகள் கரை சேரவில்லை."

பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள்.
இடுப்பில் குழந்தை, காலில் செருப்பில்லை.
"யார் சொன்னது?
அந்தப் பெட்டியை ஏற்றி வந்த தோணிக்கு
இரண்டு ராத்திரி துடுப்புப் போட்டது நான்.
நனையாமல் கரை சேர்த்தேன்.
கையெழுத்து வாங்கிக்கொண்டுதானே விட்டார்கள்!"

நீதிபதி என்னைக் கேட்டார்,
அந்தப் பெண் என்ன சொல்கிறாள்?

ஒரு நொடி நின்றேன்.
பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன்:
நான் கரை சேர்த்தேன்.

"சாட்சி அல்ல. பதிவில் ஏற்ற வேண்டாம்."
காவலர் அவளை நோக்கி நடந்தார்.
வேகமாக இல்லை.

அகாபெல்வா என் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்.
செலவுத்தொகையும் அவர் தலையில்தான் என்பதை
நான் இன்னும் சொல்லி முடித்திருக்கவில்லை.

மாலையில் எழுத்தரிடம் படிப்பணம் வாங்கப் போனேன்.
ஒன்பது நாள், ஒரு படிவம்.
முதல் கட்டம்: பெயர், சான்றிதழில் உள்ளபடி.
நமாசிகு முயுண்டா என்று எழுதினேன்.
பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து
எழுத்தெழுத்தாக ஒப்பிட்டேன்.
சரியாகத்தான் இருந்தது.
வெளிச்சத்துக்குப் போய்
இன்னொரு முறை பார்த்தேன்.