அரைப்பேர்

பொகவந்தலாவையில் இறங்கி
ஆட்டோக்காரன் வர மறுத்த மேட்டை
ஐஸ் பெட்டியோடு நடந்து ஏறினேன்.
மேல் டிவிசன், ஆறாம் லயம், கடைசிக் காம்பரா.
தவமலர். தவக்கொடி.
இருவருக்கும் முப்பத்தொரு வயது.
கொடி பதினோரு நிமிடம் இளையவள்.

ஒரே கரு இரண்டாய்ப் பிரிந்தவர்கள்.
முந்நூறு கோடி எழுத்தும் ஒன்றுதான் என்று
போன மாதத்து எச்சிலிலேயே தெரிந்துவிட்டது.
ஆனால் மலருக்கு மட்டும்
மூக்குத்தண்டில் உடலை வைத்து
இரு கன்னத்திலும் சிறகு விரித்த சிவப்பு.
கொழுந்து கிள்ள விரல் மடங்காத காலைகள்.
பேராதனையில் லூபஸ் என்று எழுதிக் கொடுத்தார்கள்.
லயத்தில் அதற்குப் பேர் வெயில் கடி.

"ஒரே ரத்தம்னா எனக்கு ஏன் மிஸ் வரல?"
அதைத் தேடித்தான் வந்தேன் என்றேன்.
எழுத்து ஒன்றானாலும்
உடம்பு எதை உரக்கப் படிக்கிறது
எதை வாய்க்குள் முணுமுணுக்கிறது
என்று பார்க்க வேண்டும்.
"நாங்க ரெண்டு பேருமே உரக்கத்தான் படிச்சோம்,
அஞ்சாம் வகுப்பு வரைக்கும்" என்றாள் மலர்.
வாய்ப்புண் எரிந்ததால்
சிரிப்பைப் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

கேள்வி இருபத்துமூன்று:
வாரத்தில் எத்தனை நாள் வெயிலில் வேலை?
மலர், ஆறு.
கொடி, வீட்டோடு.
செக்ரோல் நகலும் அதையே சொன்னது.
இந்த விரல்களோடு ஆறு நாளா?

நரம்பு தேடி
கொடியின் கையைத் திருப்பினேன்.
கட்டைவிரலில், ஆள்காட்டி விரலில்
வெடிப்புக்குள் ஊறிக் கறுத்த
கொழுந்துக் கறை.

நான் ஒன்றும் கேட்கவில்லை.
"அவளுக்கு ஏலாத நாள்ல
பெரட்டுல நான் போய் நிப்பேன் மிஸ்.
அவ பேர்ல, அவ படங்கு கட்டிக்கிட்டு.
ஒரு நாள் கணக்கப்பிள்ளை உத்துப் பார்த்தாரு.
பரவாயில்லையே மலரு, மொகம் தெளிஞ்சிருச்சே,
எந்த ஆஸ்பத்திரி மருந்துன்னாரு.
பேராதனைன்னேன்.
மச்சானுக்குச் சொரியாசிஸாம்,
மருந்துப் பேரைக் கேட்டு எழுதிக்கிட்டுப் போனாரு."

மலர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:
"கிலோ கொறைஞ்சா அரைப்பேர்.
அவ பறிச்சா முழுப்பேரு விழும்."

வீட்டாளையே திருடன் என்று பிடிக்கும் காவல்காரன்:
நோயை விளக்க எங்களுக்குக் கற்றுத்தந்த உவமை.
எத்தனையோ காம்பராக்களில் சொல்லியிருக்கிறேன்.
இங்கே நா எழவில்லை.

படிவத்தில் ஒரு நகல்
தோட்டத்து மருந்துச்சாலைக்கும் போகும்.
ஆறு என்று எழுதினால் ஆய்வுக்குப் பொய்.
மூன்று, மூன்று என்று எழுதினால்
செக்ரோலில் ஒரு பேர் வெட்டுப்படும்.
பதில் கிடைக்காவிட்டால் போட
தொண்ணூற்றொன்பது என்று ஓர் எண் உண்டு.
இரண்டு முறை எழுதினேன்.
மேலதிகாரி கேட்பார். கேட்கட்டும்.

ஊதா மூடிக் குழாய்கள்,
நாற்பத்தொன்று அ, நாற்பத்தொன்று ஆ.
ஒட்டிய பிறகு சரிபார்த்தேன்,
மறுபடியும் ஒருமுறை.
மாறியிருந்தால்
எழுத்தைப் படிக்கும் எந்த இயந்திரமும்
காட்டிக்கொடுக்காது.

மலருக்கு நரம்பு கிடைத்தது இடக்கையில்,
அதுவும் மூன்றாவது குத்தில்.
கொடிக்கு வலக்கையில், உடனே.
பஞ்சை அழுத்திப் பிடித்தபடி
கொடி கொஞ்சம் யோசித்தாள்.
"பிளாஸ்டர ரெண்டு பேருக்கும்
ஒரே கையில ஒட்டிருங்க மிஸ்.
நாளைக்குப் பெரட்டு இருக்கு."

குத்தாத கையிலும் ஒன்று ஒட்டினேன்.