பதினோராவது வரி

கடையில் எல்லாத் தொலைக்காட்சியிலும்
தேன் ஒழுகிக்கொண்டிருந்தது.
பிறகு பஞ்சவர்ணக்கிளி ஒன்று
ஐம்பது திரைகளில் ஒரே நேரத்தில் சிறகு கோதியது.
நாலு மணிக்கே இருட்டிவிடும் கிளைபெதாவில்
இவ்வளவு நிறத்தை மொத்தமாகப் பார்த்து
கண்ணைக் கசக்கிக்கொண்டேன்.

இருநூற்று நாற்பது யூரோ வித்தியாசம்.
அதே நிறுவனம், அதே அகலம், அதே கறுப்புச் சட்டம்.
"கூடுதல் வசதிகள்" என்றான் எய்மந்தஸ்,
சட்டையில் பெயர் குத்தியிருந்த பையன்,
உயில் வாசிக்கிற குரலில்.
இருநூற்று நாற்பது என்றால்
காருக்குப் பனிக்கால டயர் மூன்று.
நாலாவதற்கு எங்கே போவது என்று
என் கணக்கு தனியாக ஓடியது.

நூறு கோடி நிறம் தெரியும் என்றான்.
ரிம்வீதஸ் முப்பத்தொரு வருடம்
துறைமுகக் கிரேனின் உச்சியில் உட்கார்ந்து
கன்டெய்னர் அடுக்கியவர்.
நீலம், துரு, பச்சை, மறுபடி துரு.
"நாலு நிறத்திலேயே பிழைப்பு ஓடிவிட்டது, தம்பி."

குரலுக்குக் கட்டுப்படும் என்றான்.
ரிமோட்டை வாயருகே பிடித்து
"நாளைக்கு மழையா?" என்றேன் எங்கள் லித்துவேனிய மொழியில்.
வட்டம் ஒன்று சுற்றிச் சுற்றி யோசித்தது.
கத்தரிக்காய் வதக்கும் இத்தாலியன் ஒருவனைக் காட்டியது.
"அடுத்த வருடம் கற்றுக்கொண்டுவிடும்."
"கற்றதும் சொல்லியனுப்பு."

அதற்குள் இவர் கோட்டுப் பையிலிருந்து
அளவு நாடாவை எடுத்துவிட்டார்.
வீட்டில் சோபாவுக்கும் சுவருக்கும் இரண்டு மீட்டர் பத்து.
அளந்தபடி பின்னாலேயே நடந்தவர்
சலவை இயந்திரத்தில் இடித்து நின்றார்.
ஒரு கண்ணை மூடினார். மறு கண்ணை மூடினார்.
"இங்கிருந்து இரண்டும் ஒன்றுதான்.
தேனை நிறுத்து. கூடைப்பந்து போடு."

விலை கூடியதில் ஆட்டக்காரன் எகிறினான்,
எண்ணெய்க்குள் நீந்துவது போல.
பந்து வழுக்கிக்கொண்டு போய் வளையத்தில் விழுந்தது.
"இது விளையாட்டு மாதிரி இல்லையே."
"அந்த வசதியை நிறுத்திவிடலாம், ஐயா."
"நிறுத்தி வைக்கவா காசு கேட்கிறாய்?"

பையன் தரையைப் பார்த்தான்.
இவர் பணப்பையைத் திறந்தார், மலிவானதற்கு.

நான் விவரத் தாளை வைத்திருந்தேன்.
எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து.
பதினோராவது வரி, யாரும் வாய்விட்டுச் சொல்லாத வரி:
காது கேட்கும் கருவியோடு நேரடியாக இணையும்.
விலை கூடியதில் மட்டும்.

அந்தக் கருவி மார்ச் மாதத்திலிருந்து மேஜை டிராயரில் கிடக்கிறது.
காதுக்குள் யாரோ பிஸ்கட் கடிப்பது போலிருக்கிறதாம்.
வீட்டில் சத்தம் நாற்பத்தாறு.
கீழ்வீட்டு கெனொவைதே
வெந்நீர்க் குழாயில் கரண்டியால் தட்டுவாள், மூன்று தரம்.
நான் தலை நிமிர்வதைப் பார்த்து,
"என்ன?" என்பார்.
"குழாயில் காற்று" என்பேன்.
நாலு வருடமாகக் காற்று.

ஒரு சின்னப் பையன் முன்னால்
அதையெல்லாம் எப்படிச் சொல்வது?
"எனக்கு அந்தக் கிளியின் நிறம் பிடித்திருக்கிறது" என்றேன்.
"நிறமா? உனக்கா?"
இருபது வருடமாகச் சாம்பல் நிறக் கோட்டே போடுகிறவளை
மேலும் கீழும் பார்த்தார்.
"ஆமாம். நூறு கோடியும் வேண்டும்."

முணுமுணுத்தபடி பணம் கட்டினார்.
டயர் மூன்றும் கடையிலேயே இருக்கின்றன.

மூன்றாம் நாள் இரவு.
எப்போது டிராயரைத் திறந்தார் என்று தெரியாது.
திரையில் கூட்டம் ஊமையாகக் குதிக்கிறது,
இவர் மட்டும் நடுவரைத் திட்டிக்கொண்டிருக்கிறார்.
கடிகாரம் இவ்வளவு சத்தமாக ஓடுமென்று
எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

குழாயில் ஒரு தட்டு. ஒன்றே ஒன்று,
இருக்கிறீர்களா என்று கேட்பது போல.

நான் எழுந்திருக்குமுன்
இவர் தலையைத் திருப்பினார்.
"காற்று மாதிரி இல்லையே, அது" என்றார்.
"கரண்டி."